மகளிர் சிறுதொழில் முனைவோர் சங்கம், கடலூர்: ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அக்கா தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியதையும், ஆற்றோர வீடுகளில் தையல் மெஷினும் கிரைண்டரும் தண்ணீரில் நின்றதையும் நான் சொல்லத் தேவையில்லை. அதனால் மாதக் கூட்டம் சில தடவை நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, சிறுதொழில் செய்கிறவர்கள் மத்திய அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவைப் பற்றி. 2020 ஜூலையில் வந்த இந்தப் பதிவுக்குக் காசு கிடையாது. ஆதாரும், பான் கார்டும், ஆதாரில் இணைத்த போனுக்கு வரும் ஓடிபியும் இருந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். ஆனால் கருவாடு விற்கும் நம் உறுப்பினர் ஒருவரின் ஆதாரில் இருந்தது கணவரின் எண். அவர் கடலுக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். எண்ணை மாற்றலாம் என்றால் ஆதார் மையத்தில் கைரேகை கேட்டார்கள். முந்திரி உடைக்கும் இன்னொரு உறுப்பினர் மாட்டிக்கொண்டது அங்கேதான். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, ரேகையே தேய்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைத்தார். மெஷின் எடுக்கவே இல்லை. கண்ணைப் பதிந்தும் செய்யலாமே என்று நாங்கள் கேட்ட பிறகுதான் கருவிழி மெஷினை வெளியே எடுத்தார்கள். உழைத்துத் தேய்ந்த கைக்கு உழைப்பாளி என்று பதிய முடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து, கடன். பத்து லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. 2015-இல் வந்த முத்ராவும் ஈடு இல்லாத கடன்தான். இருந்தும் ஒரு வங்கிக் கிளையில் நம் உறுப்பினரிடம் கேட்ட முதல் கேள்வி, "பட்டா யார் பேர்ல இருக்கு?" மறுமுறை விதியை அச்செடுத்து, நான்கு பேராகப் போனோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள். அதனால் யாரும் தனியாகப் போகாதீர்கள். கூட வர ஆள் வேண்டும் என்றால் என்னிடம் சொல்லுங்கள். ஊறுகாய், மசாலா, கருவாடு போடுகிறவர்கள் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தையும் கேளுங்கள். திட்டச் செலவில் 35 சதவீதம், பத்து லட்சம் வரை மானியம் உண்டு. சுயஉதவிக் குழுவில் இருந்தால் ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் உண்டு.

கடன் வாங்கிச் செய்த சரக்கு விற்க வேண்டுமே! அரசே வாங்குவதும் ஒரு கொள்கைதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமும், அதற்குள் 3 சதவீதத்தைப் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடமும் வாங்க வேண்டும். இந்த 3 சதவீதம் 2018-இல்தான் வந்தது. கென்யாவில் 2013 முதல் அரசுக் கொள்முதலில் 30 சதவீதத்தைப் பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகள் என மூன்று தரப்புக்கும் சேர்த்து ஒதுக்கியிருக்கிறார்கள். நம்முடைய சதவீதமும் உயர வேண்டும் என்று கேட்க வேண்டியதுதான். அதற்கு முன், இருக்கிற 3 சதவீதத்துக்கு விலைப்புள்ளி போட நாம் போக வேண்டும். நெய்வேலியில் இருக்கும் என்எல்சி இந்த விதிக்குள் வரும் பொதுத்துறை நிறுவனம். சீருடை தைக்கவும் துணிப்பை தைக்கவும் நம்மிடம் கை இருக்கிறது. உத்யம் சான்று இல்லாமல் அந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் ஆதாரோடும் பான் கார்டோடும் போனோடும் வாருங்கள். ஆதாரில் யார் எண் இருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

நன்றி.
செயலாளர்