பதக்கப் பட்டியலோடு சோதனை விவரமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாடு திடீரென்று பதக்கங்களை அள்ளும்போது எழும் ஊக்கமருந்து ஐயத்தைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. 1972 மியூனிக் ஒலிம்பிக் நீச்சலில் ஒரு தங்கம்கூட வெல்லாத கிழக்கு ஜெர்மனிப் பெண்கள், 1976 மான்ட்ரியலில் 13 பந்தயங்களில் 11 தங்கம் வென்றபோது, வெளிப்படையாகச் சந்தேகம் கிளப்பிய அமெரிக்க வீராங்கனை ஷெர்லி பாபாஷாஃப்பைத் தோல்வி தாங்காதவர் என்று அவர் நாட்டுப் பத்திரிகைகளே ஏளனம் செய்தன. பதின்ம வயதுச் சிறுமிகளுக்கு வைட்டமின் என்று சொல்லி தசையை வளர்க்கும் ஊக்கமருந்தான ஸ்டீராய்டு மாத்திரைகள் தரப்பட்டதை, பெர்லின் சுவர் வீழ்ந்தபின் கிடைத்த அரசு ஆவணங்களே நிலைநாட்டின. சோதனைக் கூடமும் அதே அரசின் கையில் இருந்ததால், வெளிநாட்டுப் பயணத்திற்கு முன்பே வீரர்களைச் சோதித்து, மருந்தின் தடயம் தெரிந்தவர்களை ஊரிலேயே நிறுத்திக்கொண்டார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான மோசடி இல்லை.

1994 ரோம் உலக நீச்சல் போட்டியில் சீனப் பெண்கள் 16 தங்கங்களில் 12-ஐ வென்றார்கள். அதே ஆண்டு ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்ட 11 சீனர்களில் 7 பேர் நீச்சல்காரர்கள்.

ஆயினும் எழுச்சியே குற்றமாகாது. 1992இல்தான் ஒலிம்பிக்கிற்குத் திரும்பிய நம் தென்னாப்பிரிக்காவுக்கு, 1996 அட்லாண்டாவில் பென்னி ஹெய்ன்ஸ் மார்பு நீச்சலில் இரு தங்கம் பெற்றுத் தந்தபோது, டர்பனில் நாம் மகிழத்தானே செய்தோம்? ஆகவே, பதக்கப் பட்டியலை வெளியிடும் தங்கள் இதழ், திடீரென்று பதக்கம் அள்ளும் நாட்டின் வீரர்கள் போட்டி இல்லாத காலத்தில் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கப்படுகிறார்களா, சோதிப்பவர்கள் அந்நாட்டு அரசைச் சாராதவர்களா என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்