செயலாளர் ஆண்டறிக்கை: படிப்பும் பக்கத்துப் பட்டறையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான வேலைகள் இந்த ஆண்டும் நடந்தன. தெருவிளக்கு, மழைநீர் வடிகால் மனுக்கள், மாலை நேர டியூஷன் எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். நம் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் படிக்கும் படிப்பு ஒரு பக்கம் போகிறது, பக்கத்திலேயே இருக்கும் வேலை வேறு பக்கம் நிற்கிறது.

நம்முடையது வேலையே இல்லாத பகுதி அல்ல. எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், இந்தப் பக்கம் சென்னைத் துறைமுகம், அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம், நடுவே பட்டறைகளும் கன்டெய்னர் யார்டுகளும். இருந்தும் டிகிரி முடித்த பையன் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறான். பட்டறைக்காரர் வெல்டர் கிடைக்காமல் வெளிமாநிலத்தில் ஆள் தேடுகிறார்.

செயற்குழு முடிவுப்படி பட்டறைகள், மெக்கானிக் ஷெட்டுகள், ஏ.சி. சர்வீஸ் கடைகளுக்கு நேரில் போனோம். என்ன தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டோம். "சர்டிஃபிகேட் இருக்கு, டிராயிங் பார்க்கத் தெரியலையே" என்பதுதான் அதிகம் கேட்ட பதில். டிராயிங் என்றால் செய்ய வேண்டிய பொருளின் அளவுகளைக் காட்டும் வரைபடம். வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடித்து அளவு சொல்லத் தடுமாறுகிறார்கள். வெல்டிங்கில் தகட்டை மேஜையில் வைத்து ஒட்டத் தெரிந்தால் போதாது. சாய்த்து நிறுத்திய குழாயைத் திருப்பாமல் சுற்றிலும் ஒட்ட வேண்டும். அதைத்தான் 6ஜி டெஸ்ட் என்கிறார்கள். ஆலைகளின் குழாய் வேலைக்கு அது இல்லாமல் நடக்காது.

தொழிலும் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் அளந்து பீய்ச்சும் ஃபியூல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. இப்போது ஸ்கேனர் மாட்டிக் கோளாறு பார்க்க வேண்டும். ஏ.சி.யில் ஆர்-22 வாயு போய் ஆர்-32 வந்திருக்கிறது, அது தீப்பற்றக்கூடிய வாயு. பழைய பழக்கத்தில் கை வைத்தால் ஆபத்து. இத்தனை வருடம் தொழில் செய்த அண்ணன்மார்களுக்கும் பயிற்சி வேண்டும் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

கம்பெனி கேட்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடுமா என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. 1996-இல் பின்னி மில் மூடியபோது தறி மட்டுமே தெரிந்தவர்கள் எவ்வளவு திண்டாடினார்கள் என்பதை இங்கே பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆலையின் ஒரே மிஷினுக்கு ஆளைத் தயார் செய்வது படிப்பாகாது. டிராயிங், அளவெடுப்பு, வயரிங், பாதுகாப்பு ஆகிய அடிப்படைகள் கையில் இருந்தால் மிஷின் மாறினாலும் பிழைத்துக்கொள்ளலாம். அதனால்தான் மூன்று மாத கோர்ஸ்களைவிட இரண்டு வருட ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற ஐ.டி.ஐ. பிரிவுகளை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். வேலை உறுதி என்று சொல்லிப் பணம் வாங்கிய ஒரு தனியார் மையத்தை நம்பி நம் தெருப் பிள்ளைகள் ஏமாந்ததும் இந்த ஆண்டுதான்.

கம்பெனிகளுக்கும் கடமை இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துக் கணக்கிட்டு 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 400 பேர் வேலை செய்யும் இடத்தில் குறைந்தது 10 பேர். அப்ரண்டிஸுக்குக் கம்பெனி தரும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தருகிறது. ஆள் கிடைக்கவில்லை என்று வருத்தப்படும் முதலாளிகளிடம் இந்தக் கணக்கைச் சொல்கிறோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். ஓரிடத்தில் நம் பையனின் விலாசத்தைப் பார்த்ததுமே முகம் மாறியது. வேலை தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. சங்கம் சார்பில் கடிதம் கொடுத்திருக்கிறோம், தொடர்ந்து கேட்போம்.

அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். படிப்பு வராதவன் போகும் இடம் ஐ.டி.ஐ. என்ற பேச்சை விடுங்கள். இரண்டு வருடப் பிரிவு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சேரும். பெண் பிள்ளைகளை எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு அனுப்பத் தயங்க வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு காரியங்களுக்கு இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். முதலாவது, ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோருடன் பட்டறைகளுக்கு அழைத்துப் போய்க் காட்டுவது. இரண்டாவது, மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபியூல் இன்ஜெக்ஷன் பயிற்சி. அதற்கு ஸ்கேனர் ஒன்று வாங்க நன்கொடை தேவை. அப்புறம், பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரமே மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை அங்கேயே கம்ப்யூட்டரில் இலவசமாகப் பதிந்து தருகிறோம்.