‘ஆறு’ என்றால் எந்த ஆறு? ட்ரோலிங் மோட்டார் ஒயர் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

உ

காரைக்குடி

அன்புடையீர்,

வணக்கம். கடையில் நடந்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் இந்த மடலைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

தேவகோட்டைப் பக்கம் கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கும் அண்ணன் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து மருமகன் கொண்டுவந்த ட்ரோலிங் மோட்டாருக்கு (பேட்டரியில் ஓடிச் சிறு படகைத் தள்ளும் மோட்டார்) ஒயர் வாங்க வந்தார். மோட்டாரோடு வந்த தாளில் ‘6’ என்று போட்டிருந்தது. பேச்சு சுவாரசியத்தில் நான் ஆறு ஸ்கொயர் ஒயரை அறுத்துக் கொடுத்துவிட்டேன். நாலாம் நாள் திரும்பி வந்தார். “மோட்டாரு டூப்ளிகேட்டு போலருக்கு, படகைத் தள்ளவே மாட்டேங்குது.” ஒயரைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “கை வைக்க முடியல” என்றார். மோட்டார் நல்ல மோட்டார்தான். தப்பு என்னுடையது.

அந்தத் தாளில் இருந்த ஆறு, ஒயரின் தடிமனைச் சொல்லும் அமெரிக்க கேஜ் கணக்கு. அதில் எண் குறையக் குறைய ஒயர் பருக்கும். 6 கேஜ் என்பது சுமார் 13.3 சதுர மில்லிமீட்டர் செம்பு. நம் கடைகளில் ஆறு என்றால் ஆறு ஸ்கொயர், அதாவது 6 சதுர மில்லிமீட்டர். அதில் பாதிகூடக் கிடையாது. 13 என்று ஒரு அளவு இங்கே வருவதில்லை, அடுத்தது 16. (மூத்த எலெக்ட்ரீஷியன்கள் இன்னும் சொல்லும் 3/20, 7/20 எல்லாம் பிரிட்டிஷ் கேஜ். அது மூன்றாவது கணக்கு, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

“வீட்டுல ஏசிக்கே நாலு ஸ்கொயர்தானே போடுறோம், இந்தச் சின்ன மோட்டாருக்கு எதுக்கு இவ்வளவு தடிமன்?” என்று பலரும் கேட்கிறீர்கள். வீட்டில் வருவது 230 வோல்ட். வழியில் இரண்டரை வோல்ட் குறைந்தாலும் நூற்றில் ஒரு பங்குதான், யாருக்கும் தெரியாது. படகில் இருப்பதே 12 வோல்ட். 55 பவுண்ட் தள்ளுவிசை உள்ள மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால், இடையில் ஒயர் 5 மீட்டர் என்று வையுங்கள். போக ஐந்து, வர ஐந்து, ஆக 10 மீட்டர். நாலு ஸ்கொயர் போட்டால் இரண்டரை வோல்ட் ஒயரிலேயே போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் சும்மா போகாது, 125 வாட் சூடாகப் போகும். பழைய 100 வாட் குண்டு பல்பைவிட அதிகம். ஆறு ஸ்கொயரில் 1.65 வோல்ட் போகும், 16-இல் 0.6, 25-இல் 0.4. இந்த நீளத்துக்கு 16-க்குக் கீழே நான் தரமாட்டேன். கையில் காசிருந்தால் 25 வாங்குங்கள்.

அதனால்தான் கடைக்கு வந்ததும் ‘எத்தனை அடி?’ என்று நச்சரிக்கிறோம். குறுக்கே அளக்காதீர்கள். ஒயர் போகும் வழியாகவே, படகின் ஓரத்தோடு ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து, அந்தக் கயிற்றையே கொண்டுவாருங்கள். இரண்டால் பெருக்குவது எங்கள் வேலை.

24 வோல்ட் மோட்டார் என்றால் பாடு குறைவு. அதே வேலைக்குப் பாதி ஆம்பியர்தான். ஆனால் இரண்டு பேட்டரியையும் ஒன்றின் பிளஸ், மற்றதன் மைனஸ் என்று தொடுக்க வேண்டும். அதைத் தெரிந்தவர் கையால் செய்யுங்கள்.

தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடலில் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்று பட்டால் வெறும் செம்பு ஒயர் உறைக்குள்ளேயே பச்சை பூத்துவிடும். நம் வீட்டுப் பித்தளை அண்டாவில் ஏறுகிற களிம்பு போலத்தான். அண்டாவுக்கு ஆச்சிமார் ஈயம் பூசச் சொல்வார்களே, ஒயரிலும் அப்படி ஈயம் (வெள்ளீயம்) பூசிய செம்பு கிடைக்கிறது. விலை கூடும், சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருகிறோம். அரிமானத்தையும் ஆராயும், 1948-இல் அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதற்குமேல் நான் விளக்கினால் சிரிப்பார்கள். கண்மாய்த் தண்ணீருக்கு வெறும் செம்பே போதும்; ஒயர் நுனியில் லக் (இணைப்பு முனை) அழுத்திய இடத்தை மட்டும், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூபால் மூடிவிடுங்கள்.

வெல்டிங் கேபிள் மலிவாக வருகிறது என்று வாங்குபவர்கள், நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அது அலுமினியம். ஈயம் பூசிய செம்பும் மேலே வெள்ளைதான், ஆனால் சுரண்டினால் சிவப்பு தெரியும்.

பிரேக்கர் (மின்சாரம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். 50 ஆம்பியர் மோட்டாருக்கு 60 ஆம்பியர் டிசி பிரேக்கர், அதாவது பேட்டரி மின்சாரத்துக்கானது. வீட்டுப் பலகையில் கழற்றிய எம்சிபி (வீட்டு பிரேக்கர்) உதவாது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போவதால், பிரேக்கர் துண்டிக்கும்போது உள்ளே எழும் தீப்பொறி அணைந்துவிடும். பேட்டரி மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது, பொறி எரிந்துகொண்டே நிற்கும். பிரேக்கரை பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 7 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கிறது அமெரிக்கப் படகுத் தரம். மோட்டார் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது வேடிக்கைதான் பார்க்கும்.

அறுத்த ஒயரைத் திரும்ப எடுக்கும் வழக்கம் நம் கடையில் இல்லை. ஆனால் எங்களிடம் ‘ஆறு’ என்று கேட்டு மோட்டாருக்கு ஆறு ஸ்கொயர் வாங்கிப்போனவர்கள் பில்லோடு வாருங்கள். எடுத்துக்கொண்டு, வித்தியாசத் தொகைக்கு 16 தருகிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரன்