மண்டபத்தின் முகப்பு மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பொது மண்டபம் கட்டும் பேச்சு எழும்போதெல்லாம், முகப்பில் கோபுர உருவம் ஒன்றை ஒட்டிவிட்டால் அது தமிழர் கட்டடமாகிவிடும் என்று எண்ணுபவர்கள், நியூசிலாந்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அந்நாட்டின் பூர்வகுடிகளான மவோரிகளின் பேரவை இல்லத்தில் முகட்டு உத்தரம் மூதாதையின் முதுகெலும்பாகவும், கைமரங்கள் விலா எலும்புகளாகவும், முகப்பின் சரிவுப் பலகைகள் விரித்த கரங்களாகவும் கருதப்படுகின்றன. அங்கே அலங்காரமும் கட்டுமானமும் வேறுவேறல்ல.

இன்றைய கட்டடங்களிலும் இச்சிந்தனை தொடர்கிறது. 2014இல் தானேயாதுவா என்ற ஊரில் திறக்கப்பட்ட, தூஹோய் என்ற மவோரி இனக்குழுவின் தே குரா ஃபாரே நிலையத்துக்கான மண் கற்களை அம்மக்களே செய்தார்கள். 2018இல் திறக்கப்பட்ட கிறைஸ்ட்சர்ச் நகர நூலகமான தூராங்காவின் வடிவமைப்பிலும் அந்நிலத்துக்குரிய மவோரிகள் பங்கெடுத்தார்கள்.

அவர்கள் பூர்வகுடிகள், நாமோ ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்தவர்களின் வழிவந்தவர்கள். எனவே அவர்கள் வழியை அப்படியே பின்பற்ற இயலாது. அவர்களுடைய சுருள் வடிவங்களைக் கடன் வாங்குவது அதைவிடத் தவறு. ஆயினும், தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடிய பெரட்டுக்களமும், அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயன் வீடுகளும் பழைய கோயிலும் எங்கெங்கே இருந்தன, மக்கள் எந்த நிழலில் கூடினார்கள் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டறிந்து வரைபடம் தீட்டலாம் அல்லவா? கட்டடக் குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அத்தகைய கூட்டம் ஒன்றைக் கூட்டுமாறு மண்டபக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட்