முந்திரித் தோப்பில் ஒரு வளை

கடலூர்,
புரட்டாசி 24

அன்புள்ள கண்ணப்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மூன்று மாதமாக உனக்கு எழுதாதது என் தவறுதான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நடுவீரப்பட்டுத் தோப்பில், கிணற்று மேட்டுக்குப் பின்னால், ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு வளையைச் சென்ற வாரம் பார்த்தேன். வாயைச் சுற்றிலும் வெள்ளை இழை படர்ந்திருந்தது. எலி வளை என்றார் காவல்காரப் பெரியவர். அந்தி மயங்கியதும் அதன் விளிம்பில் மயிரடர்ந்த கால் நுனிகள் நான்கு மெல்ல வந்து அமர்ந்தன. டாரண்டுலா! ஆறாம் வகுப்பில் 'பறவை தின்னும் சிலந்தி' என்று சொல்லி எங்கள் தூக்கத்தைக் கெடுத்தாயே, அந்தக் குடும்பம்தான். 1705-இல் மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர், சூரினாம் நாட்டுச் சிலந்தி ஒன்று சிட்டைத் தின்பதாக வரைந்ததிலிருந்து வந்த பெயர் அது. உண்மையில் பறவை அதற்கு எப்போதாவது கிடைக்கும் இரை. பூச்சியும் மண்புழுவும் தவளையுமே அன்றாட உணவு.

டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொண்டு மூன்று இரவுகள் அங்கேயே அமர்ந்திருந்தேன். இது வலை பின்னிப் பிடிப்பதில்லை. கண்கள் எட்டு இருந்தும் பார்வை மங்கல். கால் மயிர்களும் வாசலில் பரப்பிய இழைகளும்தான் அதற்குச் செய்தி சொல்கின்றன. இரண்டாம் இரவில் ஒரு பிள்ளைப்பூச்சி மண்ணைக் கிளறிக்கொண்டே வந்து ஓர் இழையை மிதித்தது. அடுத்த கணம் அது சிலந்தியின் முன்னங்கால்களுக்குள் கிடந்தது. வீட்டுச் சிலந்தியின் நச்சுப்பற்கள் இடுக்கி போல ஒன்றையொன்று நோக்கிச் சேரும். இதன் பற்களோ இரண்டு கடப்பாரைகளை ஒருசேர ஊன்றுவது போல மேலிருந்து இறங்குகின்றன. இரையை விழுங்க அதனால் முடியாது என்பதால், செரிமான நீரை உமிழ்ந்து, பிசைந்து, கூழாக்கி உறிஞ்சிக்கொள்கிறது. விடியற்காலையில் வளைக்கு வெளியே மிளகளவில் ஒரு கரிய உருண்டை கிடந்தது. பிள்ளைப்பூச்சியில் மிச்சம் அவ்வளவுதான்.

நான்காம் நாள் பகலில் நடந்ததைச் சொல்லத்தான் இக்கடிதம். கருநீல உடலும் துருநிற இறகும் கொண்ட பெரிய குளவி ஒன்று தரையில் ஓடி ஓடி மோப்பம் பிடித்து வளைக்குள் நுழைந்தது. சிலந்தி வெளியே பாய்ந்து, முன்னங்கால்களை உயர்த்திப் பற்களை விரித்து நின்றது. குளவி அதன் அடியில் புகுந்து, கால்கள் உடலோடு சேருமிடத்தில் கொட்டியது. அத்தனை வேகமாகப் பாய்ந்த உயிர் அப்படியே மடங்கியது. தன்னைவிடப் பெரிய உடலைக் குளவி பின்னோக்கி நடந்தபடியே இழுத்துச் சென்றதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சிலந்தி சாகவில்லை, கண்ணப்பா. அசைய முடியாமல் உயிரோடு கிடக்கும். அதன்மேல் குளவி ஒரே ஒரு முட்டையிட்டுக் குழியை மூடிவிடும். பொரிந்து வரும் புழு, இரை கெடாதிருக்க, உயிர்நிலை உறுப்புகளைக் கடைசிவரை விட்டுவைத்துத் தின்னும். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. குளவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதுவும் தன் பிள்ளைக்கு உணவு தேடியதுதான்.

பூரான், பல்லியினம், பாம்பு, பறவை என்று இதற்குப் பகை ஏராளம். அமெரிக்க வகைகள் பலவும் வயிற்று மயிரைப் பின்னங்காலால் உதிர்த்து எதிரியின் கண்ணிலும் மூக்கிலும் எரிச்சல் மூட்டும். நம் நாட்டு வகைகளுக்கு அந்த மயிர் கிடையாது. ஓடி ஒளிவதும் கடிப்பதும்தான் வழி.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். வேலியோரம் இன்னொரு வளை இருக்கிறது. பக்கத்துக் கொல்லைக்காரர் அதில் மண்ணெண்ணெய் ஊற்றப் போகிறாராம். கடித்தால் கடுமையாக வலிக்கும், வீங்கும். ஆனால் இதனால் மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். செஞ்சிப் பக்கம் பக்கமலைக் காட்டில், இதே குடும்பத்தைச் சேர்ந்த, அழிவின் விளிம்பிலுள்ள பாராசூட் சிலந்தியை 2020-இல் உங்கள் புதுச்சேரி ஆய்வாளர்கள் கண்டறிந்ததையும் சொன்னேன். அவர் அசையவில்லை. கிணற்று வழக்குக்குப் பிறகு அவர் மதிப்பது உன் சொல்லை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்திலேயே வந்துவிடு. பகலில் அவரிடம் பேசுவோம், இரவில் வளையருகே அமர்வோம். இன்னொரு டார்ச்சுக்கும் சிவப்புத் தாள் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சிவராமன்