கொல்லங்குடி கருப்பாயி அவர்களின் பாட்டுகளைத் தொகுத்துப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கொல்லங்குடி வட்டாரப் பொதுமக்கள்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கலை பண்பாட்டுத் துறை,
சென்னை.

பொருள்: நாட்டுப்புறப் பாடகர் கருப்பாயி அவர்களின் ஒலிப்பதிவுகளைத் திரட்டுதல், இவ்வட்டாரப் பாட்டுகளைப் பதிவு செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஊர் கருப்பாயி பாட்டி 2025 ஜூன் மாதம் காலமானார். வயது 99. 1985இல் பாண்டியராஜன் இயக்கிய 'ஆண் பாவம்' படத்தில் நடித்துச் சொந்தக் குரலில் பாடியதால் நாடே அவரை அறிந்தது. 1993இல் அரசு கலைமாமணி விருது தந்தது. ஆகாசவாணியிலும் பாடியிருக்கிறார்.

சினிமாவில் கேட்டது அவர் பாட்டில் ஒரு கைப்பிடிதான். அவருடைய பாட்டு, வாத்தியாரிடம் கற்றதல்ல. வயலிலும் வீட்டு வாசலிலும் வந்தது. களையெடுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வேலையின் வேகத்துக்குத் தக்கபடி மெட்டு ஓடும், நிற்கும். தாலாட்டில் குழந்தையின் மாமன் பெயர் ஏறும். ஒப்பாரியில் இறந்தவர் கதையே அடியாக வரும். நேற்றுப் பாடிய அடி இன்று அப்படியே வராது. அதனால்தான் பாட்டை எழுதி வைத்தால் மட்டும் போதாது, குரலும் வேண்டும் என்கிறோம்.

இப்போது வயலில் கூட்டமாக இறங்கிப் பாடும் வழக்கமே அருகிவிட்டது. பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் எழுபது, எண்பதைத் தாண்டியவர்கள். சென்ற மழைக்காலத்தில் இருந்த ஒரு ஆத்தா இந்த மழைக்காலத்தில் இல்லை. அவரோடு எத்தனை பாட்டு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தாமதிக்க நேரமில்லை ஐயா.

எனவே, ஆகாசவாணியில் கருப்பாயி அவர்களின் பதிவுகள் எவை இருக்கின்றன என்று தங்கள் துறை எழுதிக் கேட்டு, அவற்றின் பிரதிகளைப் பெற வேண்டும். அப்புறம், பதிவுக் கருவிகளோடு ஒரு குழுவை இங்கே அனுப்பி, பாட்டிமார்களை அவரவர் வீட்டிலேயே பாடச் சொல்லிப் பதிய வேண்டும். மேடையும் ஒலிபெருக்கியும் வைத்தால் அவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும். ஒப்பாரியை மேடையில் பாடவும் மாட்டார்கள். பாடுபவர்களுக்கு அன்றைய கூலிக்குக் குறையாமல் சன்மானம் தர வேண்டும். பதிவுகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் யாரும் இலவசமாகக் கேட்கும்படி வைத்தால் வெளியூரில் பிழைக்கும் எங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள்.

குழு தங்க இடமும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பாட இசைந்த பெண்களின் பட்டியலை இம்மனுவுடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
கொல்லங்குடி வட்டாரப் பொதுமக்கள்