தீர்க்கதரிசனத்தின் விரல் யாரை நோக்கி நீளுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்காவது பூமி அதிர்ந்தாலோ போர் மூண்டாலோ, பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் சொன்னது அப்படியே நடக்கிறது என்று சொல்லும் கடிதங்கள் உங்கள் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. எழுதுகிறவர்களின் பக்தியை நான் குறை சொல்லவில்லை, நானும் அதே வேதத்தைத்தான் வாசிக்கிறேன். ஆனால் அந்தப் புத்தகத்தை இன்றைய செய்தியோடு பொருத்திப் பார்க்கும் அவசரத்தில், அதில் நிறைய இடங்கள் பழைய நியாயத்தீர்ப்புகளின் எதிரொலி என்பதை நாம் கவனிப்பதே இல்லை.

அந்தப் புத்தகத்தில் தூதர்கள் ஊதும் எக்காளங்களும் கடவுளின் கோபத்தை ஊற்றும் கலசங்களும் வருகிற 8, 9, 16 ஆகிய அதிகாரங்களை ஒரு பக்கமும் இஸ்ரவேலர் எகிப்திலிருந்து மீட்கப்பட்டதைச் சொல்லும் யாத்திராகமம் 7 முதல் 10 வரை இன்னொரு பக்கமும் விரித்து வைத்துப் படித்துப் பாருங்கள். தண்ணீர் இரத்தமாகிறது, மனிதர் உடம்பில் புண் கிளம்புகிறது, அக்கினியோடு கல்மழை கொட்டுகிறது, வெட்டுக்கிளி வருகிறது, இருள் மூடுகிறது, தவளைகூட ஓரிடத்தில் வந்துவிடுகிறது. எகிப்தின் மேல் வந்த வாதைகள்தான் இவை, ஒரு தேசத்துக்கு வந்தது இப்போது பூமி முழுவதற்கும் விரிகிறது, அவ்வளவுதான். இத்தனைக்குப் பிறகும் மனிதர்கள் மனந்திரும்பவில்லை என்று வெளிப்படுத்தலை எழுதிய யோவான் திரும்பத் திரும்ப எழுதுவதைப் படிக்கும்போது எகிப்து ராஜா பார்வோனின் கடினப்பட்ட இருதயம் நினைவுக்கு வராமல் போகுமா? ஏழு எக்காளம் என்பதும் புதிதல்ல, எரிகோ பட்டணத்தைச் சுற்றி இஸ்ரவேலின் ஏழு ஆசாரியர்கள் ஏழு எக்காளம் ஊதினார்கள், கடவுளின் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி அவர்கள் பின்னால் போனது. யோவானும் ஏழாம் எக்காளம் ஊதி முடிந்ததும் பரலோகத்தில் அந்தப் பெட்டியைக் காண்கிறார்.

பாபிலோன் விழும் காட்சியும் அப்படித்தான். எரேமியா 51-இன் கடைசியில், பாபிலோனுக்கு வரப்போகும் தீங்கையெல்லாம் ஒரு புஸ்தகத்தில் எழுதி பாபிலோனுக்குப் போகிற செராயா என்பவரின் கையில் கொடுத்து, அங்கே போய் வாசித்த பிறகு அதில் ஒரு கல்லைக் கட்டி ஐப்பிராத்து நதியில் எறிந்துவிடு, பாபிலோன் இப்படியே முழுகிப்போகும் என்று சொல் என்கிறார் தீர்க்கதரிசி. வெளிப்படுத்தல் 18-இல் ஒரு தூதன் ஏந்திரக்கல் போன்ற ஒரு பெரிய கல்லைத் தூக்கிச் சமுத்திரத்தில் எறிந்து கிட்டத்தட்ட அதே வார்த்தையைச் சொல்கிறான். முதல் வாசகர்களில் எரேமியாவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

சரி, இதனால் என்ன என்று கேட்கலாம். பழைய கதையைத் தீர்க்கதரிசிகள் எதற்காக எடுத்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தெக்கோவா ஊரின் மேய்ப்பன் ஆமோஸ், 4-ஆம் அதிகாரத்தில், எகிப்தில் வந்ததுபோன்ற கொள்ளைநோயை உங்களுக்குள் அனுப்பினேன், சோதோம், கொமோரா பட்டணங்களைக் கவிழ்த்ததுபோல உங்களிலும் சிலரைக் கவிழ்த்தேன், ஆனாலும் நீங்கள் என்னிடம் திரும்பவில்லை என்று கடவுள் சொல்வதாக அறிவிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? எகிப்திலிருந்து மீட்கப்பட்டவர்களின் வம்சம்! எதிரிக்கு வந்த வாதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த அதே கதை தங்கள் பக்கமே திரும்பி நிற்பதைக் கேட்க அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும். ஏசாயா இன்னும் நேராக, எருசலேமின் தலைவர்களையே சோதோமின் அதிபதிகளே என்று கூப்பிடுகிறார். எசேக்கியேல் 16-ஆம் அதிகாரத்திலோ சோதோமின் அக்கிரமம் என்று வரிசைப்படுத்தும்போது முதலில் வருவது பெருமை, வயிறு நிறைந்த வாழ்வு, கவலையில்லாத சுகம், ஏழை எளியவனுக்குக் கை கொடுக்காதது. இந்தப் பட்டியலை யாரும் பிரசங்கத்தில் நிதானமாக வாசித்து நான் அதிகம் கேட்டதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

எரேமியா இதற்காக உயிரையே பணயம் வைத்தார். சீலோவில் ஒரு காலத்தில் கடவுளின் ஸ்தலம் இருந்தது, பிறகு அது பாழானது, அந்தச் சீலோவைப் போல இந்த ஆலயத்தையும் ஆக்குவேன் என்ற கடவுளின் வார்த்தையை அவர் ஆலயப் பிராகாரத்திலேயே நின்று சொன்னதும் ஆசாரியர்களும் மற்றத் தீர்க்கதரிசிகளும் ஜனங்களும் அவரைப் பிடித்துக்கொண்டு நீ சாகவேண்டும் என்றார்கள். அப்போது மூப்பரில் சிலர் எழுந்து, எசேக்கியா ராஜாவின் நாட்களில் மீகா தீர்க்கதரிசியும் சீயோன், அதாவது எருசலேம், வயல்வெளியாக உழப்படும் என்று சொன்னானே, ராஜா அவனைக் கொன்றுபோட்டாரா, கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினாரே, சொன்ன தீங்கும் விலகிற்றே என்று நினைவுபடுத்தினார்கள். சுமார் நூறு வருஷத்துக்கு முந்தைய எச்சரிக்கை அது. அதையே அத்தாட்சியாகக் காட்டி வாதாடினார்கள், எரேமியா தப்பினார். ஆலயம் தப்பவில்லை, கி.மு. 586-இல் பாபிலோனியர் அதைச் சுட்டெரித்தார்கள்.

வெளிப்படுத்தல்கூட முதலில் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதம்தான், அதில் 2, 3 அதிகாரங்களில் கண்டிப்பு விழுவது பெரும்பாலும் சபையின் மேல்தான். அப்படியிருக்க, வேறு ஒரு தேசத்தில் பூமி அதிர்ந்து ஜனங்கள் இடிபாடுகளுக்குள் கிடக்கும்போது, இது அவர்களுக்கு வந்த தீர்ப்பு என்று நாம் பத்திரிகைக்கு எழுதுவது எந்தத் தீர்க்கதரிசியின் வழி?

இப்படிப்பட்ட கடிதங்களைப் போட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. போடும்போது, அவர்கள் காட்டும் வசனம் எந்தப் பழைய சம்பவத்தை நினைவுபடுத்துகிறது, அது முதலில் யாரிடம் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதும்படி அவர்களிடம் கேளுங்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்